கொடிக்குப் பெண்சாதி இல்லை

பெரிய கொடியில் தட்டிய தூசியையும் சின்னக் கொடியில் தட்டிய தூசியையும் ஒரே டஸ்ட்பானில் அள்ளக் கூடாது. டொரொன்டோவில் எனக்குக் கிடைத்த இரண்டாவது வேலையில் சொல்லித்தந்த முதற்பாடம் இதுதான். முதல் வேலையில் கோழி வெட்டினேன். அங்கே எல்லாக் கோழியும் ஒரே தொட்டிக்குள்தான் விழும், யாரும் தரம் பார்க்கவில்லை.

இரண்டாவது வேலை டண்டாஸ் வீதி மேற்கில், போர்த்துக்கல்காரர்கள் கடை வைத்திருக்கும் பகுதியில், ஒரு மண்டபத்தைக் கூட்டித் துடைப்பது. மண்டபம் ஒரு சங்கத்துக்குச் சொந்தம். போர்த்துக்கல் நாட்டில் முழுப் பொலிசும் இல்லாத, முழு ஆமியும் இல்லாத, இரண்டிலும் பாதிப் பாதியான ஒரு காவற்படை இருக்கிறது. அதிலிருந்து ஓய்வுபெற்றுக் கனடாவுக்கு வந்த கிழவர்கள் கூடி அமைத்த சங்கம் அது. உறுப்பினர்கள் எல்லோரையும் ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருத்திவிடலாம். கொடிகளுக்குத்தான் தனி அறை வேண்டியிருந்தது.

கொடி அறையில் ஹீட்டர் உண்டு, கக்கூசில் இல்லை. முழுப் படைக்கும் ஒரு பெரிய கொடி. அதற்குக் கீழே பிரிவுக்கொரு கொடி: நாட்டுப்புறக் காவலுக்கு ஒன்று, வீதிப் போக்குவரத்துக்கு ஒன்று, குதிரைப்படைக்கு ஒன்று. அவற்றுக்கும் கீழே, நுனி இரண்டாகப் பிளந்த சின்னக் கொடிகள், அணிக்கு ஒன்று. பெரிய கொடியை முதலில் தட்ட வேண்டும். தட்டுவதற்கு முன் குதிக்கால் இரண்டையும் சேர்த்து நிற்க வேண்டும். சின்னக் கொடியைத் தட்டும்போது பெரிய கொடிக்கு முதுகு காட்டக் கூடாது என்பதால் நண்டைப் போல் பக்கவாட்டில் நடந்து வேலை செய்தேன். குதிரைப்படைக் கொடிக்குப் பொறுப்பான பெர்னார்டினோ அந்தப் படையில் கடைசிவரை சமையல் செய்தவர். குதிரையில் ஒருநாளும் ஏறவில்லை. ஆனாலும் அந்தக் கொடிக்கு முன்னால் வரும்போது மட்டும் காலை அகட்டி நடப்பார்.

தலைவர் பெயர் ஆர்லிந்தோ. ஊரில் சார்ஜன்டாக இருந்தவர். கனடாவுக்கு வந்த பிறகு தனக்குத்தானே பதவி உயர்வு கொடுத்துக் கொமான்டர் ஆகிவிட்டார். அவருக்கும் இங்கிலீஷ் சரியாக வராது, எனக்கும் வராது. இருவரும் பிழையாகவே பேசியதால் ஒருவர் சொன்னது மற்றவருக்கு நன்றாக விளங்கியது.

வேலைக்குச் சேர்ந்த அன்று மாமாங்கம் என்ற என் பெயரை எழுதிக்கொண்டு எந்த ஊர் என்று கேட்டார். மட்டக்களப்பு என்றேன். அது எங்கே என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்கள் வீட்டுக்குக் கிட்ட உங்களுடைய ஆட்கள் கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன்.

மனுசன் எழும்பி நின்றுவிட்டார்.

“இன்னும் இருக்கிறதா?”

“இருக்கு. உள்ளுக்கு அரசாங்கக் கந்தோர் நடக்குது.”

“காவலுக்கு நிற்பது எங்கள் ஆட்களா?”

“இல்லை. பிறகு ஒல்லாந்தர் வந்து பிடிச்சிட்டாங்க.”

“அது தற்காலிகம்” என்றார் கொமான்டர். முந்நூறு வருடங்களுக்கு மேலாகிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பளம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

ஒரு சனிக்கிழமை, நான் நிலம் துடைத்துக்கொண்டிருக்கையில், அந்தப் படையின் வேலை என்ன என்று எனக்கு விளக்கினார். நான் கேட்கவில்லை. அவராகவே தொடங்கினார்.

“பொலிஸ் கள்ளனைப் பிடிக்கும். ஆமி எதிரியைச் சுடும். நாங்கள் அப்படி மலிவான வேலை செய்வதில்லை. நாங்கள் ஒன்றும் செய்யாத ஆளை மறிப்போம். எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று கேட்போம். பிறகு போக விடுவோம். போக விடும்போது அவன் முகத்தில் ஒரு நன்றி தெரியும் பார், அதுதான் எங்கள் சம்பளம். குற்றம் செய்யாதவனிடமிருந்து நன்றி வாங்கக்கூடிய படை உலகத்தில் வேறு எது?”

அந்த நன்றி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊரில் காலையில் கல்லடிப் பாலத்து ஆமிக் காவலரணில் ஒன்று, பின்னேரம் திரும்பும்போது ஒன்று என்று நிறையக் கொடுத்திருக்கிறேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. எனக்கு அப்போதெல்லாம் எதுவும் தோன்றுவதில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் கொட்டாவி வரும். ஊரை விட்டு வந்து ஆறு வருடமாக இப்படித்தான்.

ஒரே ஒரு விசயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் உயிர் இருந்தது. மனோரஞ்சிதம், என் பெண்சாதி. கலியாணம் முடித்து ஒரு வருடம் சேர்ந்திருந்தோம். பிறகு நான் இங்கே, அவள் அங்கே. அவளைக் கூப்பிட நான் போட்ட விண்ணப்பம் அந்த வருடம், தொண்ணூற்று நாலாம் ஆண்டு, மாசி மாதத்தில்தான் சரிவந்தது.

சரிவந்ததும் வீடு என்ற கேள்வி வந்தது. அப்போது நான் டோர்செட் பார்க்கில் ஒரு அடுக்குமாடியில் வேறு ஆண்களோடு கும்பலாகக் கிடந்தேன். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒருவன் படுப்பான். அங்கே பெண்சாதியைக் கொண்டுவந்து எங்கே வைப்பது? மண்டபத்துக்கு மேலே இரண்டு அறை சும்மா பூட்டிக் கிடந்தது. வாடகைக்குக் கேட்டேன்.

“யோசிக்கலாம்” என்றார் கொமான்டர்.

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் சண்டை வந்தது. போர்த்துக்கல் அரசாங்கம் சுங்கக் காவற்படை என்று தனியாக இருந்ததைக் கலைத்து இந்தப் படையோடு சேர்த்துவிட்டதாம். அதனால், இத்தனை வருடமாக எதிர்ப்புறப் பேக்கரியில் இருந்துகொண்டு இவர்களைப் பார்த்துக் காறித் துப்பிய பழைய சுங்கக்காரர்கள், ஒரு நாள் தங்கள் கொடியையும் தூக்கிக்கொண்டு வீதியைக் கடந்து வந்தார்கள். முன்னால் வந்தவர் இனாசியோ.

சுங்கக் கொடியின் தடி மற்றப் பிரிவுக் கொடிகளின் தடியைவிட ஒரு விரல் நீளம். வெட்ட வேண்டும் என்றார் கொமான்டர். வெட்டினால் முதலில் தன் விரலை வெட்டுங்கள் என்று மேசையில் விரலை வைத்தார் இனாசியோ. ஆகவே மற்றக் கொடிகளுக்கு அடியில் பலகை வைக்கத் தீர்மானமானது. வைத்தேன். அளந்து பார்த்தால் பலகை கொஞ்சம் தடிப்பு, இப்போது சுங்கக் கொடி தாழ்வாகப் போய்விட்டது. இனாசியோ அழுதேவிட்டார். அதற்கும் பலகை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். ஒரு மாதச் சண்டைக்குப் பிறகு எல்லாம் பழையபடியே நின்றது, பலகைதான் மிச்சம்.

மே மாதம் அவர்களுடைய படையின் தினம். அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெரிய கொடியோடு ஊர்வலம் வந்து மண்டப வாசலில் மரியாதை செய்வார்கள். வழக்கமாகத் தூக்குபவருக்கு முழங்கால் போய்விட்டது. கொமான்டர் பக்கத்து ஆள் தூக்கினால் சுங்கக்காரர் வர மாட்டார்கள். சுங்கக்காரர் தூக்கினால் கொமான்டர் பக்கம் மண்டபத்தையே பூட்டிவிடும். இரண்டு பக்கத்திலும் சேராத ஆள் வேண்டும். ஆனால் சங்கத்துச் சட்டப்படி, படையின் காவல் எல்லைக்குள் பிறந்தவன்தான் பெரிய கொடியைத் தொடலாம்.

“மாமாங்கம் எங்கள் கோட்டைக்குப் பக்கத்தில் பிறந்தவன்” என்றார் கொமான்டர்.

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வாளியைக் கீழே வைத்தேன்.

“கடலுக்குப் பக்கமா?” என்று கேட்டார் இனாசியோ.

“வாவிக்குப் பக்கம்.”

“அப்படியென்றால் கடத்தல் நடந்திருக்கும். சுங்கத்துக்கும் உரிமை உண்டு” என்று சொல்லி அவரும் கையைத் தூக்கினார். அந்தச் சங்கத்தில் ஒருமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் நான்தான். கொடியைப் பிடித்தால் மேல் வீடு எனக்கு என்று கொமான்டர் அன்றைக்கே அதன் பூட்டின் திறப்பைக் காட்டினார். ஊர்வலம் முடிந்ததும் கையில் தருவதாகச் சொல்லிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

செத்துப்போன உறுப்பினர் ஒருவருடைய யூனிபோமை எனக்குத் தந்தார்கள். களுசான் கணுக்காலுக்கு எட்டாத கட்டை, தொப்பி பெரிசு. தொப்பி புருவம்வரை இறங்கி நின்றது. படத்தில் இருந்த பழைய கொடிக்காரர் எல்லோருக்கும் மீசை இருந்ததால் என்னையும் மீசை வளர்க்கச் சொன்னார்கள். ஊரில் எனக்கு மீசை இருந்ததில்லை. வளர்த்து முடிந்ததும் உடுப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். கண்ணாடிக்குள் ஒருவன் நின்றான். ஊர் வீதியில் அவனைக் கண்டிருந்தால் சைக்கிளை விட்டு இறங்கியிருப்பேன். பயமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பொத்தான் ஒன்று கழன்றிருந்தது, தைத்தேன்.

கொடிக்காரன் தலையைத் திருப்பக் கூடாது. பேசக் கூடாது. யாருக்கும் சலூட் அடிக்கக் கூடாது, மற்றவர்கள்தான் அவனுக்கு அடிக்க வேண்டும். தனக்குச் சமமான இன்னொரு கொடிக்காரன் வந்து வாங்கினால் ஒழியக் கொடியைக் கைவிடக் கூடாது. சமமான இன்னொருவர் யார் என்று கேட்டேன். அப்படி யாரும் இல்லை என்று பெருமையோடு சொன்னார்கள்.

மனோரஞ்சிதம் கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் வந்து நின்று போன் எடுத்தாள்.

“இஞ்சேருங்க, அங்க எயர்போட்டிலயும் யூனிபோம்காரர் நிப்பாங்களா?”

“நிப்பாங்க. ஒண்டும் செய்ய மாட்டாங்க. பாஸ்போட்டப் பாத்திட்டு விட்டிருவாங்க.”

“இஞ்ச லொட்ஜால இறங்கினா ரெண்டு இடத்தில மறிக்கிறான். ஐடென்டிக் காட்டக் கையிலயே புடிச்சுக்கொண்டுதான் நடக்கிறன். மறுகா, அவங்கட மூஞ்சையும் நான் பாக்கிறல்ல. பாத்தாத்தான் கேள்வி கூட.”

“இஞ்ச அப்பிடி இல்ல மனோ.”

“எனக்கு ஒண்டு மட்டும் செய்யுங்க. நான் வெளிய வரக்குள்ள முதல் ஆளா நீங்க நிக்கணும். ஒருத்தரையும் அனுப்பாதீங்க. நீங்க நிண்டாத்தான் எனக்கு மூச்சு வரும்.”

“முதல் ஆளா நிப்பன்.”

அவளுக்கு வாக்குக் கொடுத்தபோது நெஞ்சுக்குள் என்னமோ அசைந்தது. நல்ல காலம், இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று நினைத்தேன். அவள் வர வேண்டியது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை டிக்கெட் போட்ட கடைக்காரன் போன் எடுத்து, பிளேன் மாறிவிட்டது, அவள் ஞாயிறு மத்தியானமே வருகிறாள் என்றான்.

ஞாயிறு மத்தியானம் நான் கொடியோடு நிற்க வேண்டும். கொமான்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. என் தோளில் கையை வைத்தார்.

“எனக்கும் பெண்சாதி இருந்தாள். அவளுக்குப் பிள்ளை பிறந்த அன்று நான் எங்கே நின்றேன்? சந்தியில், மழையில், ஒரு மந்திரியின் கார் வரும் என்று நின்றேன். கார் வரவில்லை. பிள்ளை தங்கவில்லை. நான் சந்தியை விட்டு அசையவும் இல்லை. அதற்காக ஒரு பதக்கம் தந்தார்கள், பார்க்கிறாயா? மாமாங்கம், கொடியைப் பிடித்திருக்கும் ஆளுக்குப் பெண்சாதி இருக்கலாம். கொடிக்குப் பெண்சாதி இல்லை.”

பதக்கத்தைக் காட்டினார். நல்ல மினுக்கமாக இருந்தது.

ஆனாலும் நீதியான மனிதர் என்பதால் குழுவைக் கூட்டினார். கொடிக்காரன் கொடியை விட முடியாது, ஆகவே கொடியோடேயே எயர்போட்டுக்குப் போனால் என்ன என்று பெர்னார்டினோ பிரேரித்தார். பாவம், நல்ல மனுசன். போகிற வழி பெருந்தெரு, ஆகவே போக்குவரத்துக் கொடி முன்னால் போக வேண்டும் என்றார் ஒருவர். எயர்போட் என்றால் சுங்கம், அங்கே எங்கள் கொடிதான் முன்னால் என்று எழும்பினார் இனாசியோ. கொடிகள் வாசலில் இடம் மாறலாமா, காரை நிறுத்தி மாறுவதா, ஓடும்போதே மாறுவதா என்று பொழுதுபடும்வரை பேசினார்கள். யாரைக் கூட்டிவரப் போகிறோம் என்பது அதற்குள் எல்லோருக்கும் மறந்துவிட்டது. பிரேரணை தோற்றது. நான் கதிரைகளை மடித்து அடுக்கினேன்.

என்னோடு டோர்செட் பார்க்கில் இருந்த இராசரத்தினம் யாழ்ப்பாணத்துப் பெடியன். டாக்சி ஓடுகிறவன். கேட்டதும் அவனுக்குக் கொதி வந்தது.

“அண்ணை, உந்தக் கோதாரிக் கொடியை எறிஞ்சுபோட்டு வாங்கோ. உவங்கள் ஆரெண்டு நினைச்சு ஆடுறாங்கள்?”

“வீடு?”

அவன் குசினியில் படுத்திருந்தவனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“சரி, நான் போய் அக்காவை ஏத்திக்கொண்டு நேரா மண்டபத்துக்கு வாறன். ஊர்வலம் அதுக்குள்ள முடிஞ்சிடுமோ?”

“முடிஞ்சிடும். வாசல்ல நிப்பன் எண்டு சொல்லுங்க. முதல் ஆளா நிப்பன் எண்டு சொல்லுங்க.”

சனிக்கிழமை பலத்த காற்று. வாசலில் ஒத்திகை பார்த்தபோது பிரிவுக் கொடிகள் தாங்கிகளோடு சரிந்து விழுந்தன. விழுந்த ஒழுங்கைப் பற்றியும் ஒரு வாக்குவாதம் நடந்தது. பிறகு தாங்கிகளுக்கு மண்மூட்டை வைக்க முடிவானது. மண்மூட்டை கட்ட யாருக்குத் தெரியும் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியும். ஊரில் ஆமிக்காரர் எங்களை மறித்துப் பிடித்துக் கட்டவைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்துக்கு ஒழுங்காக அடுக்கினேன். கொமான்டர் தட்டிப் பார்த்து மெச்சினார். அதைக் கண்ட இனாசியோ, சுங்கத்தின் கவுரவத்துக்கு ஒரு தடை மரம் இல்லாமல் முடியாது என்று பிடிவாதம் பிடித்தார். சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்த மரம் ஒன்றை நடைபாதைக்குக் குறுக்கே போட்டேன். பெரிய கொடிக்கு முன்னால் யாரும் குறுக்கே போகக் கூடாது, மறித்துத்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். வேலை முடிந்து தள்ளி நின்று பார்த்தேன். எங்கேயோ பார்த்த இடம் போல இருந்தது. மழை தூறத் தொடங்கியதால் உள்ளே போய்விட்டேன்.

ஞாயிறும் மழை. பூசை முடிந்து, ஊர்வலம் மூன்று சந்தி தாண்டி வந்து, நான் வாசலில் மண்மூட்டைகளுக்கு நடுவில் கொடியோடு நின்றேன். இரண்டு பக்கமும் யூனிபோமில் கிழவர்கள். கவுரவ விருந்தினர் வந்து சலூட் அடித்தால் முடிந்தது. விருந்தினர் வரவில்லை. வரும்வரை கொடி இளைப்பாறக் கூடாது.

இனாசியோ தடை மரத்தடியில் நின்று போகிற வருகிறவர்களை மறித்தார். ஒரு பெண் சாமான் வண்டியோடு வந்து, ஸொறி என்று சிரித்துவிட்டு, ரோட்டில் இறங்கிச் சுற்றிப் போனாள். வாக்மன் போட்ட பெடியன் ஒருவன் மரத்துக்குக் கீழே குனிந்து போனான். ஒரு கிழவி எவ்வளவு டிக்கெட் என்று கேட்டாள்.

“இந்த நாட்டில் ஒருத்தருக்கும் மறிபடத் தெரியாது” என்றார் கொமான்டர். “இருபது வருடமாகப் பார்க்கிறேன். நாங்கள் மறித்தால் வழி கேட்கிறார்கள்.”

மணி மூன்றாகிவிட்டது. கை மரத்துப்போனது. மற்றதெல்லாம் ஏற்கனவே மரத்துத்தான் கிடந்தது.

அப்போது எதிர்ப்பக்கம் இராசரத்தினத்தின் டாக்சி வந்து நின்றது. பின்கதவு திறந்து மனோரஞ்சிதம் இறங்கினாள். மெலிந்திருந்தாள். காலில் செருப்பு, மேலே இரவல் கோட்டு. இராசரத்தினம் எங்கள் பக்கம் கையைக் காட்டி என்னமோ சொல்லிவிட்டுப் பெட்டிகளை இறக்கப் பின்னால் போனான். அவள் சிரித்துக்கொண்டுதான் திரும்பினாள். என் நெஞ்சு அடித்த அடி கொடித்தடிக்கே கேட்டிருக்கும். அந்தச் சிரிப்பு வாசலைப் பார்த்ததும் நின்றது.

மண்மூட்டையைப் பார்த்தாள். தடை மரத்தைப் பார்த்தாள். எங்கள் கால்களில் இருந்த சப்பாத்துகளைப் பார்த்தாள். அதற்கு மேலே அவள் பார்க்கவில்லை. வீதியைக் கடந்து வந்து, ஒருவரும் சொல்லாமலே தடை மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, குடையை மடக்கினாள். மழை அவள் தலையில் விழுந்தது. இனாசியோ திகைத்துப்போய் மரத்தைத் தூக்கினார். அவள் குனிந்த தலையோடு ஒரு எட்டு வைத்து, நடுவில் நின்ற யூனிபோம்காரனுக்கு முன்னால் வந்து, கைக்குள் பொத்தி வைத்திருந்த அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

எனக்குத்தான் நீட்டினாள்.

கிழவர்கள் எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள். பெர்னார்டினோ காலை அகட்டினார். கொமான்டருடைய கண் நிறைந்து போனது.

“பார்த்தீர்களா” என்றார். “இவ்வளவு பெரிய நகரத்தில் ஒழுங்கு தெரிந்த ஒரே ஆள். எங்கே வளர்த்தார்களோ! வாங்கிப் பார், மாமாங்கம். மரியாதையாக வாங்கிப் பார்.”

கொடிக்காரன் பேசக் கூடாது. பேசினேன்.

“மனோ.”

“ஓம் சேர். மனோரஞ்சிதம். ஐடென்டியில இரிக்கி சேர்.”

“மனோ, இஞ்ச பார்.”

அவள் பார்க்கவில்லை. அட்டையை இன்னும் கொஞ்சம் கிட்ட நீட்டினாள். கை நடுங்கவில்லை. பழகிய கை.

“எங்கட அவர் இவடத்த நிப்பார் எண்டு தம்பி சொன்னவர் சேர். இப்பதான் வாறன், ஒருத்தரையும் தெரியாது. ஒரு ஓரமா நிண்டு பாத்துக்கொள்றன் சேர். முதல் ஆளா நிப்பன் எண்டு சொன்னவர்.”